காலி அட்டை

"தரத்தில் ஐயம் எழும் மருந்தின் இருப்பு முழுவதையும் உடனே தனியே எடுத்து வைத்து, பரிசோதனை முடிவு வரும்வரை வழங்கலை நிறுத்த வேண்டும். அந்த இடைக்காலத்தில் நோயாளிகளுக்கு மருந்து தடையின்றிக் கிடைப்பதை நிறுவனத் தலைவர் உறுதி செய்ய வேண்டும்."

எங்கள் நடைமுறைக் கையேட்டில் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து இருந்தன. முதல் வாக்கியத்துக்குப் படிவம் உண்டு. மூன்று பிரதி எடுக்க வேண்டும், மேலே மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), கீழே இரண்டு கையொப்பம். இரண்டாவது வாக்கியத்துக்குப் படிவம் கிடையாது. முப்பத்தைந்து வருடம் அரசு மருந்தாளுநராக இருந்தவன் சொல்கிறேன், படிவம் இல்லாத விதியை யாரும் விதி என்று எண்ணுவதில்லை. அதை ஒரு வாழ்த்தாக எடுத்துக்கொள்வார்கள்.

சங்கத்தின் மாநாட்டு மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் தம்பி போனில் கேட்டார். "சார், இப்ப எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு. அட்டையில இருக்குற கட்டத்தைப் போன்ல காட்டினா மருந்தோட ஜாதகமே வந்துடுது. அந்தக் காலத்துல நீங்கள்லாம் தரத்தை எப்படிக் காப்பாத்துனீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும் சார்."

பக்கக் கணக்கு ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது. உற்சாகம் இருப்பில் இல்லை.

தஞ்சாவூரில் இரண்டு வருடம் படித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆறு வருடம் காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் அஞ்சல் வழியில் பொது நிர்வாகத்தில் ஒரு பட்டம் வாங்கினேன். மருந்தைப் பற்றிப் படித்ததைவிட அந்தப் பட்டம்தான் வேலையில் அதிகம் உதவியது. முதல் பணியிடம் அரியலூர் பக்கம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். பணிக்காலம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் கழிந்தது.

அரியலூர் பக்கம் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம், குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே நூல் மாதிரி ஒன்று மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது. அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்தினேன். மாதிரி அனுப்பினேன். ஆறே வாரத்தில் பதில் வந்தது: தரமற்றது. எனக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்றும் வந்தது. அதை லேமினேஷன் செய்து கண்ணாடி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எந்த ஊருக்கு மாறினாலும் அது கூடவே வந்தது. பின்னாளில் ஒரு பெண் சாக அந்தக் கடிதமும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

குன்னம் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை. பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் திருப்பூர் பஸ் நிரம்பும். மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை வலிப்பு நோயாளிகளுக்கான நாள். அன்று அவர்களுக்கு ஒரு மாதத்துக்கான பினைட்டாயின் மாத்திரை கொடுப்போம். இரவுக்கு இரண்டு, ஆக அறுபது மாத்திரை, ஆறு அட்டை. அதைத் தினமும் தவறாமல் போட்டால் விழ மாட்டார்கள். பாதியில் விட்டால் விழுவார்கள். திடீரென்று அடியோடு நிறுத்தினால், முன்பு விழுந்ததைவிட மோசமாக விழுவார்கள். மருத்துவம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் நிர்வாகம்.

நிர்வாகம் இப்படி. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று மருந்து ஒதுக்கீடு உண்டு. மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்க அது குறையும். தை பிறக்கும்போது ஒதுக்கீடு தீர்ந்திருக்கும். ஒதுக்கீடு இருந்தால் கிடங்கில் மருந்து இருக்காது, ஏனென்றால் கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் போயிருக்காது. அப்படிப்பட்ட மாதங்களில் நான் ஜன்னலில் ஒரு அட்டையை மாட்டுவேன்: "வலிப்பு மாத்திரை இருப்பு இல்லை. அடுத்த புதன் விசாரிக்கவும்." என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த வருடத்துக்கு முந்தைய வருடம் இரண்டு முறை மாட்டினேன்.

இனி என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு சமயம் ரஞ்சன்குடியில் ஒரு காசநோயாளியின் முகவரியைச் சரிபார்க்கப் போனேன். கோட்டைக்குப் போகும் வழியில் வீடு. மாடத்தில் ஆறு மாத மாத்திரை பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தது. "கசக்குது" என்றார் அவர். அன்றைக்கு முடிவு செய்தேன்: காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த மாத மருந்து. ஆறு வாங்கினால் ஆறு காலி அட்டை. குறைந்தால் நோட்டில் சிவப்பு மையில் "ஒழுங்காக உட்கொள்ளவில்லை" என்று எழுதி, சீட்டு எழுதும் டாக்டரம்மாவிடம் திருப்பி அனுப்புவேன். அவர் ஒரு திட்டு திட்டுவார். இது எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆய்வுக்கு வந்த இணை இயக்குநர் கேட்டுவிட்டு, "நல்ல நடைமுறை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். பக்கத்து மருத்துவமனைகளும் பிடித்துக்கொண்டன.

மலர்க்கொடி அந்தப் புதன்கிழமைக்காரி. முப்பது வயதிருக்கும். வெங்காயக் கொட்டகையில் தாள் அறுக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். வரிசையில் நின்றால் நாலு பேருக்கு முன்னாலேயே வாடை தெரியும். கணவன் சின்னதுரை அதே கொட்டகையில் மூட்டை ஏற்றுபவன். சில மாதம் அவள் வருவாள், சில மாதம் அவன், சில மாதம் இருவரும்.

"அட்டை?" என்பேன்.

ரப்பர் பேண்டைக் கழற்றிச் சீட்டாட்டத்தில் பரப்புவது போல ஆறையும் பரப்புவாள். "எண்ணிக்கங்க சார்."

"தினமும் ரெண்டும் போட்டியா?"

"அட்டை காலியாத்தானே சார் இருக்கு."

"ரேஷன் கடையில கூடப் பழைய சாக்கைக் கொண்டான்னு கேக்க மாட்டான் சார்," என்பான் சின்னதுரை. "நீங்கதான் குப்பையை எண்ணிப் பாத்துட்டு மருந்து குடுக்குறீங்க."

"குப்பை இல்லய்யா அது. சாட்சி."

"சாட்சியைத் தூக்கிட்டு வரவும் ஒரு பை வேணும் சார்."

வரிசை சிரிக்கும். நானும் சிரிப்பேன். இரண்டும் போட்டாயா என்ற கேள்விக்கு அவள் ஒரு தடவைகூட "ஆமா" என்று சொன்னதில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அந்தத் தை மாதப் புதன்கிழமை, அடுத்தடுத்து நான்கு பேர் வந்து ஒரே செய்தியைச் சொன்னார்கள்: மறுபடி வலிப்பு வருகிறது. மலர்க்கொடி அதில் ஒருத்தி. நோட்டின்படி இரண்டு வருடம் விழாமல் இருந்தவள், மூன்று வாரத்தில் இரண்டு முறை விழுந்திருந்தாள். நெற்றியில் காயம்.

நான்கு பேரும் ஆறு ஆறு காலி அட்டை கொண்டுவந்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். நான்கு பேருக்கும் ஒரே தொகுதி எண். முழு அளவு போட்டும் வலிப்பு வருகிறது, மருந்தோ ஒரே தொகுதி, எனவே மருந்தில்தான் கோளாறு. நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய வாதம். இருப்பில் இருந்த அதே தொகுதியில் ஒரு மாத்திரையைப் பிதுக்கி விரலிடுக்கில் வைத்து அழுத்தினேன். ஓரம் உதிர்ந்தது. இன்னொன்றில் மஞ்சள் புள்ளி இருப்பதாகப் பட்டது. குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்த அதே கண்.

நான்கு பேருக்கும் தொகுதி எண் ஒன்று என்பதைக் கவனித்தேன். நான்கு பேரும் ஒரே தெருக்காரர்கள் என்பதைக் கவனிக்கவில்லை. அதே தொகுதியை வாங்கிப்போன மற்ற ஊர்க்காரர்கள் யாரும் விழவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. அட்டையில் தெரு அச்சடித்திருக்காது.

அறிக்கை எழுதித் தலைமை மருத்துவரிடம், அதாவது கையேடு சொல்லும் நிறுவனத் தலைவரிடம், வைத்தேன். டாக்டர் சம்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். கெட்டவர் அல்ல. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்தக் கோப்பிலும் அவர் "இல்லை" என்று எழுதியதில்லை, "ஆம்" என்றும் எழுதியதில்லை. பச்சை மையில் ஒரே சொல்: "பேசவும்." பேசப் போனால் நாற்காலியைக் காட்டுவார். டீ சொல்வார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வரைவை நம்மையே வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் யோசிப்பார். "கேட்டுக்கொள்ளப்படுகிறதுன்னு வேண்டாம் ராமலிங்கம். பணிவுடன்னு ஒண்ணு முன்னால போடுங்க. கொஞ்சம் இதமா இருக்கும்." திருத்தி வைத்தால் மறுநாள் மறுபடி "பேசவும்." மூன்று சுற்றில் ஒரு கடிதம் எவ்வளவு பணிவாகிவிடும் என்றால், அதில் என்ன கேட்கிறோம் என்பதே தெரியாது.

ஆனால் அன்றைக்கு அவர் பேசச் சொல்லவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ஒரு மருந்தை நிறுத்த யாருக்கும் செலவில்லை. நிறுத்தாவிட்டால்தான் நாளைக்குக் கேள்வி வரும்.

மாதிரி அனுப்பும் வேலையை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பிரிக்காத பெட்டியாக ஒன்றை எடுக்க வேண்டும். தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் மூன்றையும் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். காக்கித் தாளில் சுற்றி, தையல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சு விழும் ஒவ்வோர் இடத்திலும் அரக்கு. மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கும்போது புகை படியக் கூடாது. படிந்தால் முத்திரை தெளியாது. பித்தளை முத்திரையை எச்சில் தொட்டு, அரக்கு இறுகுவதற்குச் சற்று முன்னால் நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். அதே முத்திரையை வெறும் தாளில் பதித்து இன்னோர் உறையில் வைத்து அனுப்ப வேண்டும். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க. ஐந்து முத்திரையும் ஒரு பிசிறு இல்லாமல் விழுந்தன. மீதி இருந்த பெட்டிகளைக் கம்பிவலை போட்ட உள்ளறையில் அடுக்கி, "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று எழுதி ஒட்டிப் பூட்டினேன். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

என் கடிதத்தின் நகல் கிடங்குக்கும் போனது. மாவட்டம் முழுவதும் அந்தத் தொகுதி நின்றது. கிடங்கில் வேறு தொகுதி இல்லை. அடுத்த புதன்கிழமைக்கு வேண்டுமே என்று போன் போட்டேன். அங்கிருந்த மருந்தாளுநர் எனக்குப் பத்து வருடம் இளையவர், நல்ல மனிதர்.

"புது ஆர்டர் போட்டாச்சு சார். கம்பெனிக்குப் பழைய பாக்கி நிக்குது, அனுப்ப மாட்டேங்கிறான்."

"சரி, அப்ப இருப்பு இல்லைன்னு ஒரு சான்று கொடுங்க. அதை வச்சு நான் வெளியில வாங்கிக்கிறேன்."

"இருக்கே சார்."

"எங்க இருக்கு?"

"நீங்க நிறுத்தச் சொன்ன பெட்டிதான். கம்ப்யூட்டர்ல இருப்புன்னுதானே காட்டுது? இருக்குறத இல்லைன்னு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு ஆடிட்ல என் கழுத்துல இல்ல கத்தி?"

"அதைத்தான் யாருக்கும் கொடுக்கக் கூடாதே."

"கொடுக்கக் கூடாதுதான். ஆனா இருக்கே சார்."

அவர் சொன்னது சரி. வெளியே மருந்து வாங்க வேண்டுமானால் கிடங்கின் இருப்பில்லாச் சான்று வேண்டும். இருப்பு இருக்கும்போது அந்தச் சான்று தர முடியாது. நிறுத்தி வைத்த மருந்தும் இருப்புதான். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்சம் திருத்தமான தமிழில்.

டாக்டரிடம் போனேன். வெளிக் கடையில் வாங்கிக்கொள்ளும்படி சீட்டாவது எழுதித் தரலாமே என்றேன். சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் வலிப்பு மாத்திரை கொடுக்க மாட்டார்கள்.

"வெளிச்சீட்டு எழுதக் கூடாதுன்னு உத்தரவு இருக்குல்ல ராமலிங்கம். ஏழை ஜனங்க கைக்காசு போட்டு வாங்கக் கூடாதுன்னுதானே அந்த உத்தரவு. நல்ல உத்தரவு."

"வேற மருந்துக்கு மாத்தலாமா சார்?"

"நரம்பு டாக்டர் பாத்து மாத்தணும். நாம மாத்தி ஏதாவது ஆயிடுச்சுன்னா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். நீங்க ஒரு கடிதம் தயார் பண்ணுங்க. பேசுவோம்."

பெரிய ஆஸ்பத்திரிக்கும் மருந்து வருவது அதே கிடங்கிலிருந்துதான். மற்ற ஊர்க்காரர்கள் கடன்பட்டுத் தனியார் டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டார்கள்; அதற்கும் வழியில்லாத நான்கு பேரையும் அனுப்பினோம். மலர்க்கொடி போன அன்று நரம்பு டாக்டருக்கு முறை நாள் இல்லை. ஒரு நாள் கூலி போயிற்று. இன்னொரு நாள் அவள் போகவில்லை.

இப்போது படிக்கிறவர் கேட்பீர்கள்: நான்கு பேருக்கு ஒரு மாத மாத்திரை என்ன பெரிய விலை, உன் கையிலிருந்து வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் இருந்தார். நான் கேட்டால் சீட்டுக் கேட்கமாட்டார். என் சட்டைப்பைக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது. அதனால் அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றி மறுத்திருந்தால்கூட என்னைக் கொஞ்சம் மதித்திருப்பேன்.

மாசி மாதப் புதன்கிழமை மலர்க்கொடி தனியாக வந்தாள். கையில் அட்டை இல்லை. போன மாதம் கொடுத்திருந்தால்தானே.

"மாத்திரை வந்துச்சுங்களா சார்?"

"ரிசல்ட் இன்னும் வரலைம்மா. மாத்திரை நல்லதா கெட்டதான்னு சோதனைக்குப் போயிருக்கு."

"எங்களுக்காகவா சார் அனுப்புனீங்க?"

"ஆமா."

கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் கம்பிவலை. "அந்தா தெரியுதே, அந்தப் பெட்டிங்கதானே சார்?"

"அதான்."

"கெட்டதா இருந்தாலும் பரவாயில்ல சார். பூராவுமா கெட்டிருக்கும்? கொஞ்சமாக் கொடுங்க. பங்குனி வரைக்கும் விழாம இருந்தாப் போதும்."

"பங்குனியில என்ன?"

முகம் மலர்ந்தது. போன வருடம் தங்கையை அழைத்துக்கொண்டு திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போனாளாம். அதைப் பார்த்தால் அடுத்த வருடத்துக்குள் கல்யாணம் கூடிவரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கூடிவந்துவிட்டது. ஜெயங்கொண்டம் பக்கம் மாப்பிள்ளை. பங்குனியில் பரிசம் போட வருகிறார்கள். அக்காளுக்கு வலிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது.

"எங்கம்மா செத்ததுலேர்ந்து அவளுக்கு நான்தான் சார். வந்தவங்க முன்னாடி நான் விழுந்து கெடந்தன்னா, இது குடும்பத்துல ஓடுற வியாதின்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. அந்த ஒரு நாள்தான் சார்."

"ரிசல்ட் வராம தொட முடியாதும்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள். "சார், ஒண்ணு சொன்னாத் திட்டுவீங்களா?"

"சீக்கிரம் சொல்லும்மா. பின்னால வரிசை நிக்குது."

"ஒண்ணுமில்லீங்க சார்."

பங்குனிப் புதன்கிழமை சின்னதுரை வந்தான். வரிசையில் நின்று, தன் முறைக்குத்தான் ஜன்னலுக்கு வந்தான். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த நான், நீண்டு வந்த நோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் கேட்டேன்.

"அட்டை?"

"அட்டை இல்லை சார். டப்பாதான்."

ஒரு பவுடர் டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்தான். உள்ளே ஏதோ உருண்டது. நிமிர்ந்து பார்த்தேன். மொட்டை அடித்திருந்தான்.

"ரெண்டு பாக்கி இருக்கு. கவர்மெண்ட் மாத்திரை. எண்ணிக்கங்க."

"மலர்க்கொடி எங்க?"

"போன வெள்ளிக்கிழமை காரியம் முடிஞ்சுது சார்."

விடிகாலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் திருப்பப் போனவள். வாய்க்காலில் குப்புறக் கிடந்தாளாம். தண்ணீர் கணுக்கால் அளவுதான். பரிசத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவன் சொன்னது மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"போன வருசம் ரெண்டு தடவை ஜன்னல்ல எழுதி மாட்டுனீங்கள்ல சார். அதுல ஒரு தடவை அடுப்பு மேல விழப் பாத்தா. அதுலேர்ந்து ஒண்ணு வாயில, ஒண்ணு டப்பாவுல. இல்லாத மாசத்துக்கு வேணும்ல. அவளைப் பாத்துட்டு எங்க தெருவுல மத்த மூணு பேரும் அப்படித்தான் பண்ணுனாங்க."

"அட்டை காலியா இருந்துச்சே."

"சொன்னா செகப்பு மையில எழுதுவீங்க. டாக்டரம்மா வேற நாலு பேர் முன்னாடி கத்தும். அதனால ஒவ்வொண்ணாப் பிதுக்கி டப்பாவுல கொட்டிட்டு, வெறும் அட்டையை அடுக்கி ரப்பர் போட்டுடுவா. உங்களுக்கு வேண்டியது அட்டைதான சார்."

"இவ்வளவு நாள் எதை வச்சு..."

"டப்பாவை வச்சுத்தான். நீங்க நிறுத்துன பொறவு மத்த மூணு பேரு டப்பாவும் மாசியிலயே காலி. அவங்களுக்கும் இதுலேர்ந்துதான் எண்ணி எண்ணிக் கொடுத்தா. கடைசியில ரெண்டு. பரிசத்துக்கு மொத நாள் ராத்திரிக்கு ஒண்ணு, அன்னிக்குக் காலையில ஒண்ணுன்னு வச்சிருந்தா. தொடக் கூடாதுன்னு சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தா சார்."

"பரிசம்?"

"சாவுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரு காதுல யாரோ வலிப்புன்னு போட்டுட்டாங்க. ஜெயங்கொண்டத்துலேர்ந்து போனே வரல." நோட்டையும் தள்ளி வைத்தான். "நோட்டையும் வச்சுக்கங்க. எங்களுக்கு இனிமே எதுக்கு?"

பின்னால் நின்றவர் இருமினார். சின்னதுரை நகர்ந்து வழி விட்டான்.

அவள் கிடங்கு எங்கள் கிடங்கைவிட நன்றாக நடந்தது. பற்றாக்குறையை முன்கூட்டிக் கணித்து, கையிருப்பு சேர்த்து, தேவைப்பட்டவர்களுக்குப் பங்கிட்டு, கடைசி இரண்டை அவசரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். அதில் ஒரு குறைதான். அந்தக் கையிருப்பு அவள் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது. பாதி அளவு போட்டதால் வலிப்பு திரும்பியது. வலிப்பு திரும்பியதால் நான் மாத்திரையைச் சந்தேகித்தேன். மாத்திரையைப் பரிசோதனைக்கு அனுப்பத் தெரிந்த எனக்கு, அதைப் போட்டுக்கொள்கிற ஆளைத் திட்டாமல் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. வாயில் போனதற்கு அட்டை சாட்சி என்று நம்பினேன். அட்டை பிதுக்கப்பட்டதற்கு மட்டும்தான் சாட்சி.

அன்று மதியமே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. அதையும் பதிவு செய்ய வேண்டும். "அப்ப அந்த மாத்திரை நல்லதுதான்னு சொல்றீங்களா?"

"அப்படித்தான் நினைக்கிறேன் சார். கொடுத்துடலாமா? மூணு பேர் மிச்சம் இருக்காங்க."

"நீங்க நினைக்கிறீங்க. கையேடு என்ன சொல்லுது?"

கையேடு, பரிசோதனை முடிவு வரும்வரை என்று சொல்கிறது. ஐயத்தை எழுப்பப் படிவம் உண்டு. எழுப்பிய ஐயத்தைத் திரும்பப் பெறப் படிவம் இல்லை. நானே ஒரு கடிதம் எழுதினேன். வெள்ளைத் தாளில், நடந்ததை நடந்தபடி, காலி அட்டை முறை என்னுடையது என்பதையும் சேர்த்து. பச்சை மையில் திரும்பி வந்தது: "பேசவும்." பேசினோம். இறப்புச் சான்றில் தவறி நீரில் விழுந்ததாக இருக்கிறது, நாமாக ஏன் வேறு காரணம் எழுத வேண்டும் என்றார். மூன்று சுற்றுக்குப் பிறகு அது ஒரு நினைவூட்டுக் கடிதமாகப் போனது: மாதிரியின் முடிவை விரைவில் அனுப்பப் பணிவுடன் வேண்டப்படுகிறது.

அந்த மூன்று பேருக்கும் அன்று மாலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் மாத்திரை வாங்கினேன். பணிக்காலத்தில் நான் செய்த ஒரே விதிமீறல். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மிச்சமுள்ள வாழ்நாளில் நான் மறக்க விரும்புவது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

காலி அட்டை முறையை நிறுத்தினேன். பக்கத்து மருத்துவமனைகள் நிறுத்தவில்லை. அது ஏற்கெனவே நல்ல நடைமுறை என்று பதிவாகிவிட்டது. வைகாசியில் கிடங்குக்குப் புதுத் தொகுதி வந்தது. புதன்கிழமை வரிசை பழையபடி நகர்ந்தது. உள்ளறைப் பெட்டிகள் வலைக்குப் பின்னால் அப்படியே இருந்தன. சின்னதுரை வைத்துவிட்டுப் போன டப்பாவைத் திரும்பப் பெற எந்த ஏட்டிலும் இடமில்லாததால், கண்ணாடி மேசையின் இழுப்பறையில் வைத்தேன். மேசைக்கு அடியில் இருந்த பாராட்டுக் கடிதத்தை எடுத்துவிட்டேன். லேமினேஷன் செய்ததைக் கிழிக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்னும் இரண்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். பிறகு ஒரு நாள் தபாலில் அரசு முத்திரையிட்ட பழுப்பு உறை வந்தது. மேற்படி மாதிரி எல்லாக் கூறுகளிலும் நிர்ணயிக்கப்பட்ட தரத்துடன் உள்ளது. நிறுத்தி வைக்கப்பட்ட இருப்பை நோயாளிகளின் பயன்பாட்டுக்கு வழங்கலாம்.

உள்ளறையைத் திறந்து, மேல் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தேன். பத்து மாத்திரையும் முழுசாக இருந்தன. ஓரத்தில் அச்சடித்திருந்த காலாவதி மாதம் ஜூலை. கடிதத்தின் தலையில் நான் அடித்த வரவு முத்திரை: ஆகஸ்ட் 3.